பிரெஞ்சில் பேசும்போது பேசுவது யார்?

கேள்வி இதுதான்: "பிரெஞ்சு படித்தால் அந்த மக்களின் பண்பாடு உண்மையிலேயே பிடிபடுமா, இல்லை மொழி மட்டும்தான் வருமா? நான் இப்போது பி1 நிலையில், அதாவது நடுத்தர நிலையில், இருக்கிறேன். பிரெஞ்சில் பேசும்போது எனக்கே நான் வேறு ஆளாகத் தெரிகிறேன். இது சரிதானா?"

பிரெஞ்சு கற்றுத்தருவது என் தொழில். இந்த இரண்டு கேள்விகளும் வகுப்பில் அடிக்கடி வரும், பெரும்பாலும் தனித்தனியாக. இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை என்பது என் எண்ணம். அதனால் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

பண்பாடு பிடிபடும். ஆனால் பலரும் தேடும் இடத்தில் அது கிடைப்பதில்லை. ஓவியம், சமையல், சினிமா, வாசனைத் திரவியம் இவற்றைப் பற்றியெல்லாம் பிரெஞ்சில் ஒரு சொல்கூடத் தெரியாமலே எவ்வளவு வேண்டுமானாலும் தெரிந்துகொள்ளலாம். மொழி வழியாக மட்டுமே தெரியவருகிற விஷயங்கள் வேறு. ஒருவர் இன்னொருவரை எப்படி விளிக்கிறார், எப்போது அப்படி விளிக்கக் கூடாது, ஒரு கருத்தை எந்த வரிசையில் வைத்தால் காதுகொடுத்துக் கேட்பார்கள், இந்த மொழி யாருடையது என்று யார் யாரோடு மோதினார்கள் என்பவை அவை. இந்தக் கடைசி விஷயத்துக்குத்தான் நான் அதிக இடம் கொடுப்பேன். பிரெஞ்சு கற்கிறவர் நூற்றாண்டுக் கணக்காக நடந்துவரும் ஒரு வழக்கின் நடுவே போய் நிற்கிறார். அதில் தன் தரப்பு எது என்று யோசிக்கத் தொடங்கும்போதே அடையாளம் பற்றிய கேள்வியும் வந்துவிடுகிறது.

முதலில் சின்ன விஷயம். பிரான்சில் ஒரு மருந்துக் கடை. உள்ளே வேறு யாரும் இல்லை. நீங்கள் நேராகப் போய், வேண்டிய மாத்திரையின் பெயரைச் சொல்லி, தயவுசெய்து என்பதையும் சேர்த்து, பிழையில்லாத வாக்கியத்தில் கேட்கிறீர்கள். எதிரே நிற்பவர் அலமாரிப் பக்கம் திரும்பவே இல்லை. உங்கள் முகத்தைப் பார்த்து, ஒரு கணம் நிறுத்தி, "போன்ஜூர்", அதாவது வணக்கம், என்கிறார். நீங்களும் போன்ஜூர் சொன்ன பிறகுதான் மாத்திரை பற்றிய பேச்சே தொடங்குகிறது. இதைச் சிடுமூஞ்சித்தனம் என்று எடுத்துக்கொண்டு ஊர் திரும்புகிறவர்கள் நிறைய. அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் நடந்ததே வேறு: எதிரே ஓர் ஆள் நிற்கிறார் என்பதைக் கண்டுகொள்ளாமல் நீங்கள் வேலையை ஏவியிருக்கிறீர்கள். மருத்துவரைப் பார்க்கக் காத்திருப்போர் அறைக்குள் வருகிறவர், முன்பின் தெரியாத அத்தனை பேருக்கும் பொதுவாக ஒரு போன்ஜூர் சொல்லிவிட்டு உட்காருவதும், பேருந்தில் ஏறுகிறவர் ஓட்டுநருக்குச் சொல்வதும் இதே முறையில்தான். பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் வரும் சொல் இது. அதன் கனம் தெரிவதற்குள் பலர் மூன்றாவது புத்தகத்தையே முடித்திருப்பார்கள்.

அடுத்தது த்யூவும் வூவும், பிரெஞ்சின் இரண்டு முன்னிலைப் பெயர்கள். நெருக்கத்தில் சொல்வது த்யூ, மரியாதையாகச் சொல்வது வூ. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

நம்மிடம் நீ, நீங்கள் இருப்பதால் இது எளிது என்று தமிழ் பேசுகிறவர்களுக்குத் தோன்றும். அந்த நினைப்பே வழிதவற வைக்கும். தமிழில் இதைப் பெரும்பாலும் வயதும் உறவுமுறையும் முடிவு செய்கின்றன. மூத்தவர் நீ என்பார், இளையவர் நீங்கள் என்பார், இருவருக்கும் அதில் வருத்தம் இல்லை. இன்றைய பிரெஞ்சில் இது பெரும்பாலும் இரு பக்கமும் ஒன்றாக இருக்கும். வளர்ந்தவர்கள் இருவர் பேசினால் இருவரும் த்யூ என்பார்கள், அல்லது இருவரும் வூ என்பார்கள். அறுபது வயதுக்காரர் கடையில் வேலை செய்யும் இருபது வயதுப் பெண்ணை வூ என்றுதான் அழைப்பார். பேரப்பிள்ளையோ பாட்டியை த்யூ என்று கூப்பிடும், பாட்டிக்கு அது அவமரியாதையாகப் படாது. மரியாதை வூவில் உண்டுதான். ஆனால் அதன் அடியில் இருப்பது இடைவெளி. உங்களுக்கும் எனக்கும் நடுவில் இருக்கும் இடத்துக்குள் அனுமதியின்றி நான் கால் வைக்க மாட்டேன் என்று அது சொல்கிறது.

அலுவலகங்களில் இந்த அனுமதி கேட்கப்படும் தருணத்தைக் கவனித்தால் ரொம்பக் கற்றுக்கொள்ளலாம். புதிதாகச் சேர்ந்தவர் எல்லோரையும் வூ என்று அழைத்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் காபி இயந்திரத்தின் அருகே, வயதிலோ பதவியிலோ மூத்த ஒருவர், "நாம் த்யூ சொல்லிக்கொள்ளலாமா?" என்று கேட்பார். இளையவர் முந்திக்கொண்டு கேட்பது அபூர்வம். சம்மதம் சொன்னபின் பழையபடி வூவுக்குத் திரும்ப முடியாது. திரும்பினால் ஏதோ மனக்கசப்பு என்று அர்த்தமாகிவிடும். சில இடங்களில் முதல் நாளே எல்லோரும் த்யூதான், அங்கே வூ சொல்கிறவர் ஒட்டாதவராகத் தெரிவார். இந்த இரண்டு சொற்களில் எதைச் சொல்வது என்று ஒவ்வொரு முறையும் யோசித்து முடிவெடுப்பவர், தன்னையறியாமலே அந்த அறையில் யார் யாருக்கு எவ்வளவு அருகில் இருக்கிறார்கள் என்று அளந்துகொண்டிருக்கிறார். பண்பாடு புரிவது என்று நான் சொல்வது இதைத்தான்.

இதே இரண்டு சொற்களுக்குள் அரசியலும் அடங்கிக் கிடக்கிறது. 1793இல், பிரெஞ்சுப் புரட்சி உச்சத்தில் இருந்தபோது, குடிமக்கள் அனைவரும் சமம், ஆகவே எல்லோரையும் த்யூ என்றே அழைக்க வேண்டும் என்று ஓர் இயக்கம் எழுந்தது. சில காலம் அரசு அலுவலகங்களிலும் அது செல்லுபடியானது. பிறகு வூ திரும்பி வந்துவிட்டது. நம் காலத்தில், குடியேறியவர்களின் பிள்ளைகளைத் தெருவில் நிறுத்திச் சோதிக்கும்போது போலீஸ்காரர்கள் த்யூ என்று விளிப்பது நெடுநாள் குறை. 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த காவல்துறை நடத்தை விதிகள் பொதுமக்களை வூ என்றே அழைக்க வேண்டும் என்று எழுத்திலேயே வைத்திருக்கின்றன. இன்னும் பின்னால் போனால் 1960 ஜூன் 30. காங்கோ விடுதலை பெற்ற நாள். பெல்ஜிய மன்னர் போதுவான் எதிரே அமர்ந்திருக்க, பிரதமர் பத்ரிஸ் லுமும்பா காலனி ஆட்சியில் தம் மக்கள் பட்ட அவமானங்களை ஒன்றொன்றாக எடுத்துச் சொன்னார். வயிறு நிறையாத கூலி, ஏச்சு, அடி, பறிபோன நிலம் என்ற அந்தப் பட்டியலில் இதுவும் இருந்தது: கறுப்பரை த்யூ என்று அழைத்தார்கள், நட்பினால் அல்ல, வூ என்ற கண்ணியம் வெள்ளையருக்கு மட்டுமே என்று ஒதுக்கி வைத்திருந்ததால். அந்த உரையை அவர் பிரெஞ்சில்தான் நிகழ்த்தினார். முன்னிலைப் பெயர்களை நடத்தும் வாரத்தில் இந்த உரையின் அந்தப் பகுதியை மாணவர்களோடு சேர்ந்து வாசிப்பது என் வழக்கம். அதற்குப் பிறகு யாரும் த்யூவையும் வூவையும் வெறும் இலக்கண அட்டவணையாகப் பார்ப்பதில்லை.

ஆண்பால், பெண்பால் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "நான் களைத்துப்போயிருக்கிறேன்" என்று தமிழில் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி எழுதலாம். பிரெஞ்சில் எழுதினால் எழுதியவர் ஆணா பெண்ணா என்பதை அந்த வாக்கியமே காட்டிவிடும். தன்னைப் பற்றிச் சொல்லும் வாக்கியங்களில் இது திரும்பத் திரும்ப வரும். எனவே பிரெஞ்சுக்காரர்கள் இலக்கணத்தைப் பற்றிச் சண்டையிடும்போது அது மனிதர்களைப் பற்றிய சண்டையாகவும் இருக்கிறது. பெண் அமைச்சரையும் பெண் பேராசிரியரையும் பெண்பால் வடிவத்தில் அழைக்கலாம் என்று கனடாவின் பிரெஞ்சு பேசும் மாநிலமான கியூபெக் அரசின் மொழி அலுவலகம் 1979இலேயே பரிந்துரைத்தது. பாரிஸில் உள்ள, மொழிக்கு அகராதியும் விதியும் வகுக்கும் பிரெஞ்சு அக்காதெமி அதற்கு இசைந்தது 2019இல். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான ஒரு படர்க்கைப் பெயரை 2021இல் ரொபேர் அகராதி தன் இணையப் பதிப்பில் சேர்த்தபோது கல்வி அமைச்சரே வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தார். ஓர் அகராதிப் பதிவுக்கு அமைச்சர் பதில் சொல்கிற சமூகத்தில் மொழிக்கு என்ன இடம் இருக்கிறது என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

சிந்திக்கும் முறைக்கு வருகிறேன். உயர்நிலைத் தேர்வான டால்ஃப் சி1இல் ஒரு பகுதி உண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட கட்டுரைகளைக் கொடுத்து அவற்றைத் தொகுத்து ஒரே எழுத்தாக்கச் சொல்வார்கள். உங்கள் சொந்தக் கருத்து ஒரு வரிகூட நுழையக் கூடாது. மூலத்திலிருந்து வாக்கியத்தை அப்படியே தூக்கி வைக்கவும் கூடாது. அடுத்த பகுதியில்தான் உங்கள் கருத்துக்கு இடம், அதுவும் ஒழுங்குபடுத்திய வாதமாக. மொழி நன்றாகத் தெரிந்தவர்கள்கூட இந்த முதல் பகுதியில் திணறுவார்கள். பிரான்சில் பள்ளி இறுதியாண்டு மாணவர்களில் பெரும்பாலோர் நான்கு மணி நேரம் தத்துவத் தேர்வு எழுதுகிறார்கள். ஒரு வினாவை எடுத்து, அந்த வினாவுக்குள்ளேயே இருக்கும் முரணைக் கண்டுபிடித்து, ஒரு தரப்பையும் எதிர்த்தரப்பையும் அதனதன் முழு பலத்தோடு நிறுத்திய பிறகே முடிவுக்குப் போக வேண்டும். அந்தப் பயிற்சி அவர்கள் பேச்சிலும் தெரியும். சாப்பாட்டு மேசையில் நீங்கள் சொன்னதை ஒருவர் மறுத்தால், உங்களைப் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை. நீங்கள் சொன்னது மறுக்கத் தகுந்த அளவுக்குச் சுவையானது என்று எடுத்துக்கொள்ளலாம். எதிர்த்துப் பேசுவதே அவமரியாதை என்று வளர்ந்த மாணவர்கள் ஒன்றிரண்டு ஆண்டுகளில் இதற்குப் பழகுவதை நான் பார்த்திருக்கிறேன். சிலர் அதைத் தாய்மொழிக்கும் எடுத்துப் போகிறார்கள். இதைப் பெரிய லாபம் என்றே நினைக்கிறேன்.

இப்போது முன்பு சொன்ன வழக்குக்கு வருகிறேன். "சுத்தமான பிரெஞ்சு", "அசல் பிரெஞ்சுக்காரர்" என்ற இரண்டு நினைப்புகள் கற்கிறவரை ரொம்பக் குறுக வைக்கின்றன. வரலாறு தெரிந்தால் அந்தக் குறுகல் பாதி போய்விடும்.

1539இல் மன்னர் முதலாம் பிரான்சுவா, வில்லேர்-கொத்ரே என்ற ஊரில் பிறப்பித்த ஆணையில் நீதிமன்ற ஆவணங்கள் பிரெஞ்சில் இருக்க வேண்டும் என்றார். 1635இல் கர்தினால் ரிஷ்லியூ பிரெஞ்சு அக்காதெமியை நிறுவினார். ஆனால் அதற்கும் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், 1794இல், அபே கிரெகுவார் என்ற பாதிரியார் புரட்சி அரசின் தேசியப் பேரவை முன் வைத்த அறிக்கை என்ன சொன்னது? குறைந்தது 60 லட்சம் பிரெஞ்சுக்காரர்களுக்குத் தேசிய மொழியே தெரியாது, இன்னும் அத்தனை பேரால் அதில் தொடர்ந்து உரையாட முடியாது, சுத்தமாகப் பேசுகிறவர்கள் 30 லட்சத்தைத் தாண்ட மாட்டார்கள். மற்றவர்கள் பேசியது பிரெத்தோன், ஒக்சித்தான், பாஸ்க், அல்சாசியன், கோர்சிகன் போன்ற மொழிகளை. அந்த அறிக்கையின் நோக்கமே அவற்றை ஒழிப்பது. 1880களில் கட்டாயக் கல்வி வந்தபின் அந்த வேலையைப் பள்ளிகள் செய்தன. பிரித்தானி பகுதிப் பள்ளிகளில் பிரெத்தோன் பேசிப் பிடிபட்ட பிள்ளையின் கழுத்தில் ஒரு மரச் செருப்பையோ வேறொரு பொருளையோ தொங்கவிடுவார்கள். அதைக் கழற்ற வேண்டுமானால், வீட்டு மொழி பேசும் இன்னொரு பிள்ளையை அந்தப் பிள்ளையே பிடித்துக் கொடுக்க வேண்டும். மாலையில் கடைசியாக அது யார் கழுத்தில் இருக்கிறதோ அந்தப் பிள்ளைக்குத் தண்டனை.

ஆக, இன்றைய பிரெஞ்சுக்காரர் பலருடைய கொள்ளுத்தாத்தா பாட்டிகள் பிரெஞ்சை வகுப்பறையில், பயந்து பயந்து, இரண்டாம் மொழியாகக் கற்றவர்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. குடியரசின் மொழி பிரெஞ்சு என்ற வரி அரசியல் சட்டத்தில் சேர்ந்தது 1992இல்தான். வட்டார மொழிகள் வழியாகவே எல்லாப் பாடங்களையும் நடத்தும் பள்ளிகளுக்கு இடம் தந்த சட்டப்பிரிவை அரசியல் சட்ட மன்றம் 2021இல் ரத்து செய்தது. 2020இல் ஜான் காஸ்தெக்ஸ் பிரதமரானபோது அவருடைய தென்மேற்குப் பகுதி உச்சரிப்பைப் பற்றியே ஊடகங்கள் பேசின. அதே ஆண்டு நவம்பரில், உச்சரிப்பை வைத்துப் பாகுபாடு காட்டுவதைக் குற்றமாக்கும் மசோதாவை நாடாளுமன்றக் கீழவை முதல் வாசிப்பில் ஏற்றது. பிரதமருக்கே இந்த நிலை என்றால், நம் நாக்கில் தமிழ் வாடை அடிக்கிறதே என்று கூனிக் குறுக ஒன்றுமில்லை.

பிரான்சுக்கு வெளியே இந்த வழக்கு இன்னும் சூடானது. பிரெஞ்சு பேசுவோர் உலகில் ஏறத்தாழ 32 கோடிப் பேர் என்று, பிரெஞ்சு பேசும் நாடுகளின் கூட்டமைப்பான பிராங்கோபோனி அமைப்பு 2022இல் மதிப்பிட்டது. அன்றாடம் அதைப் பயன்படுத்துவோரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள். பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் எழுபது, தொண்ணூறு என்ற எண்களுக்கு, அறுபது-பத்து, நான்கு-இருபது-பத்து என்ற பாரிஸின் சுற்றிவளைப்பு இல்லாமல் நேரான சொற்கள் உண்டு. கியூபெக்கில் கெட்ட வார்த்தைகளே திருக்கோவில் பொருள்களின் பெயர்கள். நற்கருணைப் பேழையும் திருக்கிண்ணமும் அங்கே கோபத்தில் வெடிக்கும். கத்தோலிக்கத் திருச்சபையின் கைக்குள் பல தலைமுறை வாழ்ந்த சமூகம் அது என்பது, திட்டு வாங்கினால்கூட விளங்கிவிடும். ஒரே மொழி, ஆனால் வேறு வேறு வரலாறு.

அடையாளம் பற்றி ஆழமாக யோசித்தவர்களும் பெரும்பாலும் இந்த வெளிவட்டத்திலிருந்து வந்தவர்களே. கரீபியக் கடலில் உள்ள மார்த்தினிக் தீவில் பிறந்த மனநல மருத்துவர் பிரான்ஸ் ஃபனான் 1952இல் வெளியான தன் முதல் நூலை மொழி பற்றிய அத்தியாயத்தோடு தொடங்குகிறார். பாரிஸ் போகும் மார்த்தினிக்காரர் தன் ரகர உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்பட்டு, அறையைச் சாத்திக்கொண்டு மணிக்கணக்கில் வாய்விட்டுப் படித்துப் பழகுவதை அதில் எழுதுகிறார். பிரான்ஸ் போய் வந்தவர் ஊர்மொழியான கிரியோல் மறந்ததுபோல் நடந்துகொள்வதையும் எழுதுகிறார். ஒரு மொழியை நன்றாகப் பேசுவதற்கும், அதைப் பேசுவதாலேயே மனிதனாக ஏற்கப்படுவோம் என்று நம்புவதற்கும் இடையே உள்ள தூரத்தை அவரைப்போல் துல்லியமாகக் காட்டியவர் இல்லை. கற்கிற ஒவ்வொருவரும் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அதில் இருக்கிறது: நான் இந்த மொழியைச் சேர்த்துக்கொள்கிறேனா, இல்லை என்னுடையதை மறைக்க இதைப் போர்த்திக்கொள்கிறேனா?

ஐவரி கோஸ்ட்டைச் சேர்ந்த எழுத்தாளர் அகமது குரூமாவின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. மலின்கே அவருடைய மொழி. முதல் நாவலை எழுதும்போது, தன் பாத்திரங்கள் மலின்கேயில் யோசிக்கும் தாளத்திலேயே பிரெஞ்சு வாக்கியத்தை வளைத்தார். வினைகளை வழக்கமில்லாத முறையில் ஆண்டார், தன் மொழியின் சொல்வழக்குகளை அப்படியே பிரெஞ்சில் இறக்கினார். பிரெஞ்சுப் பதிப்பகங்கள் கைப்பிரதியை ஏற்கவில்லை. கடைசியில் அது 1968இல் மொன்ட்ரியல் பல்கலைக்கழகப் பதிப்பகம் வழியாக வெளிவந்தது. பிரெஞ்சு நம்முடையதுதான், ஆனால் பாரிஸ் பேசுகிற மாதிரி பேச மாட்டோம் என்ற பேச்சு அப்போது கியூபெக்கில் கொதித்துக்கொண்டிருந்தது. ஆகவே அங்கே அவரைப் புரிந்துகொண்டார்கள் என்று நினைக்கிறேன். இரண்டு ஆண்டுகள் கழித்து பாரிஸில் அதே நாவல் மறுபதிப்பு கண்டது. இன்று ஆப்பிரிக்க இலக்கியம் கற்பிக்கும் இடங்களிலெல்லாம் அது பாடமாக இருக்கிறது.

எல்லோருடைய உறவும் இப்படி இணக்கமாக முடியவில்லை. அல்ஜீரிய எழுத்தாளர் காதெப் யாசின் பிரெஞ்சைப் போரில் தங்களுக்குக் கிடைத்த கைப்பொருள் என்றார். எதிரியிடமிருந்து எடுத்தது, இனி நம்முடையது என்ற பொருளில். அப்படிச் சொன்ன அவரே 1970களில் மக்கள் பேசும் அரபியில் நாடகம் போடப் போய்விட்டார். ஹங்கேரியின் அகோதா கிறிஸ்தோஃப் 1956இல் கைக்குழந்தையோடு எல்லை தாண்டி சுவிட்சர்லாந்து சேர்ந்து, கடிகாரத் தொழிற்சாலையில் வேலை செய்தபடியே பிரெஞ்சு கற்றார். பிறகு அந்த மொழியிலேயே உலகம் போற்றும் எழுத்தாளர் ஆனார். ஆயினும் அதைப் பகை மொழி என்றே அழைத்தார், அது தன் தாய்மொழியைக் கொன்றுகொண்டிருக்கிறது என்பதால். 1948இல், பிரெஞ்சு தெரியாமலே சீனாவிலிருந்து பாரிஸ் வந்திறங்கிய எழுத்தாளர் பிரான்சுவா செங் 2002இல் பிரெஞ்சு அக்காதெமி உறுப்பினரானார், இரு மொழிகளுக்கும் இடையிலான உரையாடலையே தன் வாழ்வாக்கிக்கொண்டார். ஒரே மொழிதான் இவர்கள் எல்லோருக்கும் வாய்த்தது. அதை என்ன செய்வது என்ற முடிவை அவரவர் வாழ்க்கை எடுத்தது.

நாடுகளும் அப்படித்தான். செனகலின் முதல் அதிபர் லெயோபோல் செதார் செங்கோர் பிரான்சிலேயே பிரெஞ்சு மாணவர்களுக்குச் செவ்வியல் மொழிகள் கற்பித்தவர். கவிஞர்கள் எமே செசேரோடும் தமாஸோடும் சேர்ந்து கறுப்பினத் தன்மதிப்பை பிரெஞ்சுக் கவிதையில் முழங்கியவர். முன்பு சொன்ன பிராங்கோபோனி அமைப்பு உருவாக முன்நின்றவர். அந்த அமைப்பின் முன்னோடிக்கான ஒப்பந்தம் 1970 மார்ச் 20 அன்று நைஜர் நாட்டின் நியாமே நகரில் கையெழுத்தானது. 2025 மார்ச்சில் நைஜரும் மாலியும் புர்க்கினா ஃபாசோவும் அதிலிருந்து விலகுவதாக அறிவித்தன. மாலி அதற்கு முன்பே, 2023இல், தன் புதிய அரசியல் சட்டத்தில் பிரெஞ்சை ஆட்சிமொழி என்ற இடத்திலிருந்து இறக்கிவிட்டது. பிரெஞ்சைக் காதலிக்கிறேன் என்று சொல்லும் மாணவருக்கும் இந்தச் செய்தி தெரிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். காதல் அதனால் குறையாது, முதிரும்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. பிரெஞ்சில் பேசும்போது வேறு ஆளாகத் தெரிவது.

இதைப் பற்றி நல்ல ஆய்வுகள் உண்டு. அமெரிக்காவில் நெடுங்காலம் வாழ்ந்த பிரெஞ்சுக்காரர்களிடம் சூசன் எர்வின்-டிரிப் என்ற மொழியியலாளர் ஒரே படங்களைக் காட்டி, ஒரு முறை பிரெஞ்சிலும் ஒரு முறை ஆங்கிலத்திலும் கதை சொல்லச் சொன்னார். 1964இல் வெளியான அந்த ஆய்வில், பிரெஞ்சில் சொன்ன கதைகளில் வாய்ச்சண்டையும் தன்போக்கில் விலகிப் போவதும் கூடுதலாக இருந்தன. பெண்கள் ஆங்கிலத்தில் சொன்ன கதைகளில் சாதிக்கும் ஆசை கூடுதலாக இருந்தது. பின்னாளில் மிஷேல் கோவன் என்ற ஆய்வாளர், பிரான்சில் வளர்ந்த போர்ச்சுகீசியக் குடியேறிகளின் மகள்களிடம் அவர்கள் வாழ்வில் நடந்த ஒரே சம்பவத்தை இரண்டு மொழிகளிலும் சொல்ல வைத்தார். கேட்டவர்களுக்குச் சொல்பவர் இரண்டு வேறு மனிதர்கள்போலவே தெரிந்தார்கள். இதற்கு மொழியின் மந்திரம் காரணமல்ல. போர்ச்சுகீசியம் அவர்களுக்குப் பெற்றோரிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் பேசும் மொழி. பிரெஞ்சோ நகரத்தில், தோழிகளோடு, கோபத்தோடும் கிண்டலோடும் பழகிய மொழி. எந்த ஆட்களோடு ஒரு மொழியை வாழ்ந்தோமோ அந்த ஆட்களுக்கு ஏற்ற முகமே அந்த மொழியில் வெளிவருகிறது.

உங்கள் நிலையில் இன்னும் இரண்டு காரணங்கள் சேரும். முதலாவது, சொற்கள் போதாமை. தமிழில் ஒருவரைச் சிரிக்க வைக்க உங்களுக்கு ஒரு நொடி போதும். பிரெஞ்சில் அந்த நொடிக்குள் வினைவடிவம் தேடி முடிப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும். ஆகவே நகைச்சுவையே இல்லாத, எதற்கும் தலையாட்டுகிற, கொஞ்சம் மந்தமான ஒருவராக உங்களுக்கே நீங்கள் தெரிவீர்கள். அது உங்கள் குணமல்ல, பி1 நிலையின் குணம். பெரும்பாலும் அது தீரும். இரண்டாவது, உணர்ச்சியின் தூரம். கற்ற மொழியில் வசவும் அன்பும் தாய்மொழியில் போலச் சுடுவதில்லை என்பதை ஜான்-மார்க் டெவல் என்ற மொழியியலாளர் ஏராளமான பன்மொழியாளர்களிடம் விசாரித்து எழுதியிருக்கிறார். இந்தத் தூரம் சிலருக்கு இழப்பு, சிலருக்கு விடுதலை. தமிழில் வாய்விட்டுச் சொல்லவே முடியாத ஒரு துக்கத்தை பிரெஞ்சு வகுப்பில், தட்டுத் தடுமாறி, சொல்லி முடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் அங்கே பேசியது பொய்யான ஓர் ஆளாக அல்ல.

எனவே, சரிதானா என்றால், சரிதான். அந்த இன்னொரு ஆளைத் துரத்த வேண்டாம். ஆனால் அவர் எங்கே வளர்கிறார் என்பதைக் கவனியுங்கள். பாடப்புத்தகத்தின் ரயில் நிலைய உரையாடல்களிலும் தேர்வு மாதிரிகளிலும் மட்டுமே அவர் வளர்ந்தால் அந்த அளவுக்கே இருப்பார். உங்களுக்கு உண்மையில் பொருட்டான விஷயங்களை, உங்கள் வேலை, உங்கள் கோபம், நீங்கள் வளர்ந்த விதம் ஆகியவற்றை, பிரெஞ்சில் எழுதிப் பாருங்கள். எழுதத் தெரியாத இடங்களில்தான் உங்களுக்கென்று ஒரு பிரெஞ்சு உருவாகும். பேச்சுப் பிரெஞ்சுக்கும் எழுத்துப் பிரெஞ்சுக்கும் உள்ள தூரம் உங்களை மிரட்ட வேண்டாம். எழுத்தில் நான்கு சொல்லாக இருக்கும் "எனக்குத் தெரியாது" பேச்சில் "ஷே பா" என்று இரண்டு அசையாகச் சுருங்குவதைக் கேட்டு மற்ற மாணவர்கள் திகைப்பார்கள். எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று என்று பிறந்ததிலிருந்து வாழ்கிற தமிழருக்கு அதில் திகைக்க எதுவும் இல்லை.

கேட்பதற்கு, பிரெஞ்சு வானொலியான ஆர்.எஃப்.ஐ. எளிய பிரெஞ்சில் வழங்கும் செய்தி அறிக்கை உங்கள் நிலைக்குப் பொருந்தும். ஆப்பிரிக்கச் செய்திகள் அதில் அடிக்கடி வருவதால் பலவகை உச்சரிப்புகளும் காதுக்குப் பழகும். வாசிக்க, அகோதா கிறிஸ்தோஃப் 1986இல் வெளியிட்ட முதல் நாவலைச் சொல்வேன். போர்க்காலத்தில் பாட்டி வீட்டில் விடப்பட்ட இரட்டைச் சிறுவர்கள் "நாங்கள்" என்று சொல்லிக்கொண்டே போகிற கதை. குட்டிக் குட்டி வாக்கியங்கள், பெரும்பாலும் நிகழ்காலத்தில். பி1 படிப்பவர் அகராதியை அதிகம் புரட்டாமலே முடித்துவிடலாம், உள்ளடக்கம்தான் கடினமானது, மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். குரூமாவை அதற்குப் பிறகு, அடுத்த நிலையான பி2க்கு வந்ததும் எடுங்கள். முதல் பத்துப் பக்கங்களில் இலக்கணம் உதைக்கிறதே என்று தோன்றும் இடங்களிலெல்லாம் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டே போங்கள், திருத்த வேண்டாம்.